ஐடி மேனேஜ்மென்ட் ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பப் போகிறீர்களா? நம்ம கொங்குப் பக்கத்து ஆய்வாளர்களுக்கு

"சார், ஸ்கோப்பஸ் பேப்பர் ஒண்ணு போடணும், எந்த ஜர்னல்ல சீக்கிரம் வருமுங்க?"

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். ஸ்கோப்பஸ் என்பது ஆய்வு ஜர்னல்களைப் பட்டியலிடுகிற ஒரு சர்வதேசத் தரவுத்தளம்; அதில் இருக்கிற ஜர்னலில் வந்த கட்டுரையைத்தான் ஸ்கோப்பஸ் பேப்பர் என்கிறார்கள். பெருந்துறையிலிருந்து கேட்கிறார்கள், சத்தியமங்கலத்திலிருந்து கேட்கிறார்கள், நாமக்கல், சேலம், கோவை என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். பிஎச்டி முடிக்க வேண்டிய தேதி கழுத்தருகே வந்திருக்கும், அல்லது பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு கட்டுரை குறைந்திருக்கும். அந்த அவசரம் எனக்குத் தெரியும், நானும் அதே பஸ்ஸில் வந்தவன்தான். ஆனால் எது சீக்கிரம் வரும் என்று தேடத் தொடங்கினால் போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் தப்பான இடமாகவே இருக்கிறது. அதனால், தகவல் தொழில்நுட்ப மேலாண்மை ஜர்னல் ஒன்றுக்கு நல்லபடியாகப் பேப்பர் அனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்களுக்கு என்ன விதி பொருந்தும் என்று நீங்களே படித்துவிடுங்கள். சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம், ஏனென்றால் அவர் காலத்து விதி இப்போது இல்லை. 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்டி விதிகளில், தீசிஸ் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்துக்கொள்ளலாம், பல பல்கலைக்கழகங்கள் வைத்தும் இருக்கின்றன. யுஜிசி ஏற்றுக்கொண்ட ஜர்னல்களுக்குக் கேர் பட்டியல் என்று ஒன்று இருந்ததே, அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டு, நல்ல ஜர்னலை அடையாளம் காணச் சில அளவுகோல்களை மட்டும் கொடுத்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். ஆகவே "எங்க ஜர்னல் கேர் லிஸ்ட்ல இருக்கு" என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிறவர்களைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு போட்டிருக்கும் கடைசிச் சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, கைடுடன் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தலைப்பிலேயே தோற்றுப்போகிற பேப்பர்கள்

நம் பக்கத்து மேலாண்மைத் துறைக் கட்டுரைகளைக் கொட்டி வைத்துப் பார்த்தால் பாதிக்கு ஒரே தலைப்புதான் இருக்கும்: "இன்னின்னதைப் பற்றிய ஓர் ஆய்வு, கோயமுத்தூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு." எம்பிஏ ப்ராஜெக்டில் கற்றுக்கொண்ட பழக்கம் அது, பிஎச்டி வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு ஜர்னல் எடிட்டர் இதைப் படிக்கும்போது அவருக்குக் கேட்பது "எங்கள் ஊரில் எடுத்த சர்வே இது" என்பது மட்டும்தான். அவர் மெல்போர்னில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார். கோயமுத்தூர் மாவட்டத்தில் நடந்ததை அவருடைய வாசகர்கள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? இதற்குக் கட்டுரையின் முதல் பக்கத்தில் பதில் இல்லை என்றால், ரிவ்யூவருக்கு (கட்டுரையை மதிப்பிடுகிற துறை அறிஞருக்கு) போகாமல் எடிட்டர் மேஜையிலேயே திரும்பிவிடும். அதைத்தான் டெஸ்க் ரிஜெக்ட் என்கிறோம்.

இந்தக் கேள்வி எனக்கே வந்ததால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஈஆர்பி (கம்பெனியின் கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துகிற மென்பொருள்) பயன்பாடு பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன், அது ரிவ்யூ வரைக்கும் போயிற்று. ஒரு ரிவ்யூவர் கேட்டிருந்தார்: ஏன் திருப்பூர்? கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் உண்மையான காரணம் அதுதான். வீட்டிலிருந்து அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம், தெரிந்தவர்கள் நாலு பேர் கம்பெனி வைத்திருந்தார்கள், அவ்வளவே.

அப்புறம் மறுபடியும் திருப்பூருக்குப் போனேன், இந்த முறை கேள்வித்தாள் இல்லாமல். ஆர்டரை முடியும்வரை பின்தொடர்கிற மெர்ச்சண்டைசர் ஒருவர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். நூல் ஒரு இடத்தில், நிட்டிங் ஒரு இடத்தில், டையிங் வேறு இடத்தில், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஜாப் ஒர்க்கில், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்து, ஓடுகிறது. துணி எங்கே நிற்கிறது என்பது போனிலும் வாட்ஸப்பிலும் டெலிவரி சலானிலும் இருக்கிறது, ஈஆர்பியில் சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் பையன் வந்து ஏற்றினால்தான் இருக்கும். முதலாளி சாஃப்ட்வேரைத் திறந்தே பார்ப்பதில்லை. டையிங்காரருக்கு லாகினே கிடையாது. 1989இல் ஃப்ரெட் டேவிஸ் எம்ஐஎஸ் குவார்ட்டர்லி ஜர்னலில் எழுதிய டாம் (தொழில்நுட்ப ஏற்பு) மாடல், ஒரு தனி மனிதர் ஒரு மென்பொருளைப் பயனுள்ளது, எளிது என்று நினைத்து ஏற்றுக்கொள்வதைப் பற்றியது. இங்கே யார் அந்தத் தனி மனிதர்? வாங்குகிறவர் ஒருவர், ஏற்றுகிறவர் ஒருவர், அதன் தகவலை நம்பி ஓடுகிறவர் இன்னொருவர், தகவல் பிறக்கிற இடமோ கம்பெனிக்கு வெளியே. உற்பத்தியின் பாதி நிறுவனத்துக்கு வெளியே நடக்கும்போது ஈஆர்பியைப் "பயன்படுத்துவது" என்றால் என்ன என்பது திருப்பூரைத் தாண்டிய கேள்வி. அதைத் திருப்பூரில் நின்று பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. ஏன் திருப்பூர் என்பதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்மைச் சுற்றி இருப்பது உலகத்தரமான ஆய்வுக்களம், நாம்தான் அதை "மாவட்டம்" என்று சுருக்கிவிடுகிறோம். இன்னொரு உதாரணம் பாருங்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது, 2018 ஏப்ரலில் சரக்கு அனுப்ப இ-வே பில், 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகிற டிஜிட்டல் பில்), அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. அதாவது கோவை கணபதியில் ஒரே தெருவில் இரண்டு பம்ப்செட் பாகங்கள் செய்கிற பட்டறை, ஒருவர் ஐந்து கோடிக்குக் கொஞ்சம் மேலே, ஒருவர் கொஞ்சம் கீழே. ஒருவருக்கு டிஜிட்டல் பில் கட்டாயம், மற்றவருக்கு இல்லை. கட்டாயத்தால் வந்த தொழில்நுட்பம், கட்டாயத்தோடு நின்றுவிடுகிறதா, ஸ்டாக், கொள்முதல் என்று மற்ற வேலைகளுக்கும் பரவுகிறதா? இந்த மாதிரி ஒப்பிட ஏதுவான களம் அமைய வேறு நாட்டு ஆய்வாளர்கள் ஏங்குவார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: 2017-18இலிருந்து எந்த ஒரு வருடத்தில் வரம்பைத் தாண்டியிருந்தாலும் கட்டாயம் வந்துவிடும் என்பதால், போன வருட விற்றுமுதலை மட்டும் கேட்டுப் பிரித்தால் உங்கள் இரண்டு குழுவும் கலந்துவிடும். இப்படிப்பட்ட விவரம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று ரிவ்யூவருக்குத் தெரியும்போது கட்டுரையின் மேல் வருகிற மரியாதையே வேறு.

எந்த ஜர்னல்

இந்தத் துறையில் உச்சியில் இருப்பவை எவை என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏஐஎஸ் (அசோசியேஷன் ஃபார் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) என்கிற சர்வதேச அமைப்பின் மூத்த அறிஞர்கள் சுட்டிக்காட்டுகிற பட்டியல் ஒன்று உண்டு, எட்டாக இருந்ததை 2023இல் பதினொன்றாக்கினார்கள்: எம்ஐஎஸ் குவார்ட்டர்லி, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச் போன்றவை முதலிலிருந்தே உள்ளவை, டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம்ஸ், இன்ஃபர்மேஷன் அண்ட் மேனேஜ்மென்ட், இன்ஃபர்மேஷன் அண்ட் ஆர்கனைசேஷன் ஆகிய மூன்றும் புதிதாகச் சேர்ந்தவை. முதல் கட்டுரையை அங்கே அனுப்பச் சொல்லவில்லை, ஆனால் அவற்றைப் படிக்காமல் இந்தத் துறையில் எழுத முடியாது. நம் மாதிரிக் களங்களுக்கு இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி ஃபார் டெவலப்மென்ட், எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் இன் டெவலப்பிங் கன்ட்ரீஸ் என்று இரண்டு இருக்கின்றன. வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்பதே இவற்றின் பொருள். சிறு தொழில், ஈஆர்பி, சப்ளை செயின் என்றால் ஜர்னல் ஆஃப் என்டர்பிரைஸ் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட், இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் அண்ட் டேட்டா சிஸ்டம்ஸ் இரண்டையும் புரட்டிப் பாருங்கள்.

புரட்டிப் பாருங்கள் என்றால், ஜர்னலின் நோக்கம் என்ற பக்கத்தை மட்டும் வாசிப்பது போதாது. கடைசி இரண்டு வருட இதழ்களின் உள்ளடக்கத்தைப் பாருங்கள், உங்கள் தலைப்புக்கு நெருக்கமான நான்கைந்து கட்டுரைகளை முழுசாகப் படியுங்கள். நான் வைத்திருக்கிற சோதனை சுலபமானது: உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்றுகூட இல்லை என்றால் நீங்கள் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்துக்குள் நுழைகிறீர்கள். மாறாக, நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகள் எந்த ஜர்னலில் வந்திருக்கின்றனவோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு அல்காரிதத்தை ஓட்டி 98 சதவீதம் துல்லியம் வந்தது என்று காட்டும் கட்டுரை நல்ல கட்டுரையாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு இந்த ஜர்னல்களில் இடமில்லை. இங்கே கேட்பது, மனிதர்களும் நிறுவனங்களும் தொழில்நுட்பத்தை வாங்கும்போது, நடத்தும்போது, கைவிடும்போது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பது.

படிக்கக் காசு எங்கே என்று கேட்பீர்கள். அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன, உங்கள் நூலகரிடம் போய் லாகின் வாங்குங்கள். தனியார் கல்லூரிக்காரர்களுக்கு அந்த முதல் கட்டத்தில் இடமில்லை, நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் தனியார் கல்லூரிதான். அவர்களுக்கு நான் சொல்வது, கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போட்டுக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுகிறார்கள், சிலர் கூடவே உங்கள் ஆய்வைப் பற்றி விசாரிக்கவும் செய்கிறார்கள்.

காசு கேட்டு வருகிறவர்கள்

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. வாட்ஸப் குழுக்களில் "ஸ்கோப்பஸ் கியூ3, இடம் இருக்கு" என்று செய்தி வருகிறது (கியூ3 என்றால் ஜர்னல் தரவரிசையில் மூன்றாம் கால்பகுதி); முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, இரண்டாம் இடத்துக்கு ஒரு விலை. என்னிடம் படித்த ஒரு பெண், அவள் அப்பா தறி ஓட்டுகிறவர், சேர்த்து வைத்திருந்த பணத்தை இப்படி ஒருவரிடம் கட்டினாள். பேப்பர் வந்தது, ஆனால் வந்தது அந்த ஜர்னலின் பெயரிலேயே போலியாக நடத்தப்பட்ட வேறொரு தளத்தில். பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. பணமும் போயிற்று, அவள் உண்மையாகவே உழைத்துச் சேகரித்த டேட்டாவும் ஏற்கெனவே வெளியானது என்று ஆகிவிட்டதால் வேறெங்கும் அனுப்ப முடியாமல் போயிற்று.

அதனால் சரிபார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பஸின் சோர்சஸ் பக்கம் இலவசம். ஜர்னலின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய உண்டு. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று போட்டிருக்கும், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அதுவும் அங்கேயே எழுதியிருக்கும். ஜர்னலின் தளத்துக்கு மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகாமல் பதிப்பகத்தின் முகப்புப் பக்கத்திலிருந்தே போங்கள். ஸ்கோப்பஸ் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸுக்கும் இதேபோல் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட் என்று இலவசப் பக்கம் உண்டு. ஐஎஸ்எஸ்என் இருப்பது தரத்துக்கான முத்திரை இல்லை, வெறும் பதிவு எண். இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) என்பதை கிளாரிவேட் நிறுவனம் மட்டும்தான் தருகிறது. முன்னால் "குளோபல்" "இன்டர்நேஷனல்" என்று ஒட்டு சேர்த்து வருகிற இம்பாக்ட் ஃபேக்டர் எல்லாம் காசுக்குக் கிடைப்பவை. மூன்று நாளில் ரிவ்யூ முடித்துத் தருகிறோம் என்றால் ரிவ்யூ நடக்கவில்லை என்று பொருள்.

ஆசிரியர் இடத்தை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 2023இல் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அதில் பெரும்பகுதி ஹிந்தாவி பதிப்பகத்தின் ஜர்னல்களில் வந்தவை. திரும்பப் பெற்ற கட்டுரை காணாமல் போவதில்லை, உங்கள் பெயரோடு, திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையோடு அப்படியே நிற்கும்.

சர்வேயும் தமிழும்

கேள்வித்தாளை ஆங்கில ஜர்னலிலிருந்து எடுத்து, தமிழில் வாயால் சொல்லிச் சொல்லி நிரப்பி, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விடுகிறோம். ரிவ்யூவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்; செய்துவிட்டு, செய்ததை எழுதுங்கள். நேர்காணல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "புது சாஃப்ட்வேர் போடுவீங்களாண்ணா?" என்று கேட்டால் நம் ஊர் முதலாளி "பாத்துக்கலாமுங்க" என்பார். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, நடுநிலையும் இல்லை, பெரும்பாலும் மரியாதையாகச் சொல்லப்பட்ட "வேண்டாம்". அதை ஐந்து புள்ளி அளவுகோலில் 3 என்று குறித்துக்கொண்டு வந்தால் உங்கள் டேட்டா பொய் சொல்லும். அந்த ஒரு சொல்லைக் கட்டுரையில் விளக்கினீர்கள் என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

கல்லூரியின் அறக்குழு ஒப்புதலை சர்வே தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள், பின்னால் தேதி போட்டு வாங்க முடியாது. ஸ்மார்ட் பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், கேள்விகளின் நம்பகத்தன்மையையும் பொருத்தத்தையும் காட்டுகிற குரோன்பாக் ஆல்ஃபா 0.7, ஏவிஇ 0.5 என்று டேபிளை நிரப்புவதோடு நிறுத்தாமல், ஒரே ஆளிடம் ஒரே நாளில் காரணத்தையும் விளைவையும் சேர்த்துக் கேட்டதால் வருகிற சாய்வை எப்படிக் கையாண்டீர்கள் என்றும் எழுதுங்கள். அந்தச் சாய்வைப் பார்க்க ஹார்மன் சோதனை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்கிற காலம் போய்விட்டது.

அனுப்புகிற நாள்

நல்ல ஜர்னல்கள் பெரும்பாலும் எடிட்டோரியல் மேனேஜர் அல்லது ஸ்காலர்ஒன் என்ற இணையத் தளம் வழியாகக் கட்டுரை வாங்குகின்றன. கணக்குத் திறக்கும்போதே நமக்கு ஒரு சிக்கல்: முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். க. செந்தில்குமார் என்பவர் முதல் பெயரில் செந்தில்குமார் என்றும் குடும்பப் பெயரில் கே என்றும் போட்டுவிட்டால், உலகம் முழுக்க அவரை "கே, எஸ்." என்றுதான் மேற்கோள் காட்டும். அப்பா பெயரை விரித்து முதல் கட்டத்திலும், உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போட்டால் "செந்தில்குமார், கே." என்று சரியாக வரும். எப்படிப் போட்டாலும் எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி போடுங்கள். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றுகிற பெண்கள், கட்டுரைகளில் மட்டுமாவது முதலில் போட்ட இனிஷியலையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் உழைப்பு இரண்டு ஆளின் கணக்கில் பிரிந்துவிடும். ஆய்வாளரை அடையாளம் காட்டுகிற ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இலவசம், அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கல்லூரி மெயில் ஐடியோடு சொந்த மெயில் ஐடியையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை மாறினால் கல்லூரி மெயில் மூடப்படும், முடிவு வருகிற மெயில் அந்த மூடின பெட்டிக்குள் போய் விழும்.

எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியக்கூடாது என்பது இந்தத் துறையில் பெரும்பாலும் விதி. பெயர், கல்லூரி, நன்றியுரை எல்லாம் தனி டைட்டில் பேஜில் போகட்டும். கட்டுரைக்குள் "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதினால் அங்கேயே தெரிந்துவிடும். வேர்டு ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கும், அதையும் நீக்குங்கள். எல்சவியர் பதிப்பகத்தின் ஜர்னல் பலவற்றில் ஹைலைட்ஸ் (கட்டுரையின் முக்கியமான முடிவுகள்) கேட்பார்கள்: மூன்று முதல் ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். இதைக் கடைசி நிமிடத்தில் எழுதாதீர்கள், எடிட்டர் முதலில் படிப்பது அதுவாகவும் இருக்கலாம்.

கவர் லெட்டர் என்பது "ரெஸ்பெக்டட் சார், இத்துடன் இணைத்துள்ளேன்" என்று விடுப்பு விண்ணப்பம் மாதிரி எழுதுவது இல்லை. எடிட்டரின் பெயரைப் பார்த்து எழுதுங்கள், அவர் சார் ஆகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. கேள்வி என்ன, என்ன கண்டீர்கள், இந்த ஜர்னலில் நடக்கிற எந்த விவாதத்தோடு அது சேர்கிறது, வேறெங்கும் அனுப்பவில்லை. அரைப் பக்கத்தில் முடியும். கடைசியாகச் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்புவது சின்ன விஷயம் இல்லை, பிடிபட்டால் இரண்டு இடத்திலும் கதவு அடைபடும். கருத்தரங்கில் ஏற்கெனவே வாசித்த கட்டுரையின் விரிவு என்றால் அதையும் லெட்டரில் சொல்லிவிடுங்கள்.

ஒற்றுமைச் சதவீதம் (ஏற்கெனவே வெளியானவற்றோடு கட்டுரை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது) பற்றி எல்லோருக்கும் பயம். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்குள் கொண்டுவர வாக்கியங்களை மென்பொருளில் போட்டுச் சொல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மென்பொருள் "பிக் டேட்டா"வை "கலோசல் இன்ஃபர்மேஷன்" என்றும், "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்பதை "கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்" என்றும் மாற்றி வைக்கும். இந்த மாதிரிச் சொற்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். ஏஐ கருவியில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டால் ஜர்னல் கேட்கும் இடத்தில் அதை அறிவித்துவிடுங்கள், பெரும்பாலான பதிப்பகங்கள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் அதை ஆசிரியராகச் சேர்க்க முடியாது, அது எழுதித் தந்த மேற்கோளை நீங்கள் கண்ணால் பார்க்காமல் போடவே கூடாது.

காத்திருப்பதும் பதில் எழுதுவதும்

முதல் முடிவு வர மூன்று நான்கு மாதம், மொத்தமாக ஒன்றரை இரண்டு வருடம் ஆவது இங்கே சாதாரணம். ஆகவே பிஎச்டி மூன்றாம் வருடக் கடைசியில் அனுப்பாதீர்கள், முதல் பகுதி டேட்டா வந்ததும் ஒன்றைத் தொடங்குங்கள். நிலவரம் "வித் எடிட்டர்" என்றே மாதக்கணக்கில் நின்றால் நாலு மாதம் கழித்து, கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு, பணிவாக ஒரே ஒரு மெயில் போடலாம்.

மேஜர் ரிவிஷன் (பெரிய அளவில் திருத்தி மறுபடி அனுப்புங்கள்) என்று வந்தால் அது நல்ல செய்தி. முதல் நாள் படித்துவிட்டு மூடி வையுங்கள், கோபத்தில் பதில் எழுதக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு கருத்தையும் ஒரு கட்டத்தில் அப்படியே போட்டு, பக்கத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்று எழுதுங்கள். "திருத்தப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் ரிவ்யூவர் மறுபடி முழுக் கட்டுரையையும் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டியதில்லை. நம்மில் பலர் பெரியவர் சொன்னால் மறுக்கக்கூடாது என்று வளர்ந்ததால், தப்பான கருத்தையும் ஏற்றுக் கட்டுரையைக் கெடுத்துவிடுகிறோம். ரிவ்யூவர் ஒருவர் என்னிடம் ஜாப் ஒர்க் யூனிட்டுகளை சாதாரண சப்ளையர் என்று மாற்றச் சொன்னார். மாற்றவில்லை, சப்ளையர் தன் பொருளை விற்கிறார், ஜாப் ஒர்க்காரர் இன்னொருவரின் துணியில் தன் வேலையை மட்டும் விற்கிறார், துணி முழுக்க முழுக்க கம்பெனியின் சொத்து, அதனால்தான் அது எங்கே நிற்கிறது என்ற தகவல் இவ்வளவு முக்கியம் என்று ஒரு பத்தி எழுதினேன். அவர் ஏற்றுக்கொண்டதோடு, அந்தப் பத்தியைக் கட்டுரைக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார்.

நிராகரித்தால் அதே ஃபைலை அன்றிரவே அடுத்த ஜர்னலுக்குத் தள்ளாதீர்கள். இது சின்னத் துறை, அதே ரிவ்யூவர் கைக்கே மறுபடி போக வாய்ப்பு உண்டு, அவர் சொன்ன எதையும் திருத்தவில்லை என்று பார்த்ததும் தெரிந்துகொள்வார்.

ஏற்றுக்கொண்ட பிறகு

இங்கே ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சந்தா, ஓப்பன் ஆக்சஸ் (எழுதியவர் காசு கட்ட, வாசகர் இலவசமாகப் படிப்பது) இரண்டு வழியும் உள்ள ஜர்னலில் ஒரு படிவம் வரும், எது வேண்டும் என்று கேட்கும். சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் காசு இல்லை. அவசரத்தில் ஓப்பன் ஆக்சஸை அழுத்திவிட்டால் லட்சக்கணக்கில் பில் வந்து நிற்கும், அப்புறம் மெயில் மேல் மெயில் போட்டு மாற்ற வேண்டியிருக்கும். ப்ரூஃப் (வெளியாகும் முன் சரிபார்க்க வருகிற பிரதி) வந்ததும் இரண்டு மூன்று நாளில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். பெயர், இனிஷியல், ஊர்ப்பெயர் எழுத்துகள், டேபிளில் உள்ள எண்கள், இவற்றை ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தில் பார்த்துச் சரிபார்த்துவிடுங்கள்.

எல்சவியர் ஜர்னல் என்றால் வெளியானதும் 50 நாளைக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு லிங்க் தருவார்கள். அதைக் கைடுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புங்கள். கூடவே, கண்டதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசிய அந்த மெர்ச்சண்டைசருக்கும், லாகின் இல்லாத டையிங்காரருக்கும், முதலாளிக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்தபோது முதலாளி முழுசாகப் படித்துவிட்டு, "ஏனுங்க சார், அப்ப டையிங்காரருக்கும் ஒரு லாகின் குடுத்துப் பாத்தா என்னங்க?" என்று கேட்டார். என் அடுத்த கட்டுரைக்கான டேட்டாவை இப்போது அங்கேதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.